20 ஆயிரத்துல ஆன்லைன் துணி பிசினஸ்: ரீசெல்லிங்கா, ஸ்டாக்கா, மீஷோவா?

சீட்டுப் பணம் 20 ஆயிரம் கையில வந்தப்ப தையல் மிஷின் வாங்கறதா துணி வாங்கி விக்கறதான்னு ரெண்டு வாரம் மண்டைய ஒடச்சுக்கிட்டு கடைசில துணின்னு இறங்கினேன். ஒன்றரை வருஷமாச்சு, மூணு வழியிலயும் கை வச்சுப் பாத்துட்டேன்.

முதல்ல ரீசெல்லிங். முதல் போட வேண்டாம், அதான் எல்லாரும் இதுல ஆரம்பிக்கறோம். சேலம் பக்கத்து இளம்பிள்ளை புடவை வியாபாரிங்க வாட்ஸப் குரூப்ல சேந்தா காலங்காத்தால 40 போட்டோ வந்து விழும், அதுமேல 100 ரூபா ஏத்தி ஸ்டேட்டஸ் வச்சா போதும், ஆர்டர் வந்ததும் அட்ரஸ அனுப்பினா நம்ம பேர்லயே பார்சல் போட்டுருவாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா எதிர்வீட்டு அக்காவும் அதே குரூப்ல இருக்காங்க, அதே போட்டோ, புடவை கட்டின அதே பொம்மை, 50 ரூபா கம்மி! அதவிடக் கொடுமை, துணிய நாம கண்ணால பாக்கவே மாட்டோம். மயில்கழுத்து கலர்னு நான் வித்த புடவை வெறும் நீலமா போய்ச் சேந்துச்சு, வாங்கினவங்க என் நாத்தனாரோட ஃப்ரெண்டு, இன்னைக்கும் விசேஷத்துல பாத்தா அவங்க புடவையத்தான் முதல்ல பாக்கறேன். ரெண்டு மாசத்துல லாபம் 1,800 ரூபா. ஆனா ஒரு நல்லது நடந்துச்சு, யார் என்ன கேட்டாங்கன்னு நோட்டுல எழுதி வச்சேன், புரட்டிப் பாத்தா பாதிப் பேர் கேட்டது புடவையே இல்ல, "ஃபீடிங் நைட்டி இருக்கா, டபுள் எக்ஸெல் இருக்கா"ன்னுதான்.

அதுனால ரெண்டாவது வழி, ஸ்டாக் எடுக்கறது. நான் இருக்கற கரூர்லருந்து ஈரோடு பக்கம்தான். அங்க கனி மார்க்கெட் ஜவுளி வாரச்சந்தை திங்கக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு செவ்வாய் வரைக்கும் நடக்கும், வெளியூர் வியாபாரிங்க ராத்திரியே வந்து மூட்டை கட்டிடுவாங்க. நான் மொதல்தடவை செவ்வாய் மத்தியானம் ஆடி அசைஞ்சு போய் மிச்சத்த பாத்துட்டு வந்தேன். ஒரு கடையில "சில்லறையா பிரிச்சுக் குடுக்கறதில்லீங்க்கா, செட்டாத்தான் எடுக்கோணும்"னாரு, அப்படின்னா நமக்குப் பிடிக்காத கலரும் சேந்துதான் வரும். 165 ரூபா மேனிக்கு 40 நைட்டி, 6,600 ஆச்சு. எடுக்கும்போது அக்குள் தையல ரெண்டு பக்கமும் இழுத்துப் பாருங்க, ஈரக் கைக்குட்டைய துணில தேச்சு சாயம் ஒட்டுதான்னு பாருங்க, ஜிப்ப நாலு தடவை ஏத்தி இறக்குங்க, உயரத்த டேப் வச்சு அளங்க, 56 இஞ்ச்னு சொன்னது 54தான் இருக்கும். இதெல்லாம் போட்டோவுல தெரியுமா?

260க்கு வித்தேன், கூரியர் தனி, ஜிபே வந்தா மட்டும்தான் பார்சல். அஞ்சு வாரத்துல 31 பீஸ் போச்சு, பீஸுக்கு 95 ரூபா நிக்கும், அதுல பஸ்ஸு, கவரு, டேப்புன்னு 10 ரூபா கழிச்சுக்கங்க.

அதே தைரியத்துல திருப்பூர் காதர்பேட்டைக்கும் போனேன், எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் (ஏற்றுமதில மிஞ்சினது) டீசர்ட், எல்லாம் கலந்து கட்டின மிக்ஸ் லாட் 100 பீஸ், மேல இருந்தது எல்லாம் தங்கம், வீட்ல வந்து அடியில பிரிச்சா 22 பீஸ்ல எண்ணெய் கறை, ஓட்டை, ஒண்ணுல ஒரு கை நீளம் ஒரு கை கட்டை. கேட்டா "லாட்னா அப்படித்தான்"னு பதில். பீஸ் பீஸா பாக்க விடலன்னா கட்டாயம் எடுக்காதீங்க.

மூணாவது மீஷோ மாதிரி ஆன்லைன்ல விக்கற தளங்கள். மீஷோ 2021லயே கமிஷன் இல்லன்னு சொல்லிட்டாங்க, அதுனால செலவே இல்லன்னு நெனச்சுக்காதீங்க. அங்க குஜராத் சூரத் துணி வியாபாரிங்க போடற ரேட்டுக்கு பக்கத்துல நம்மளால போக முடியாது, அப்புறம் ரிட்டன். நான் ஒரு தளத்துல போட்டு (எதுன்னு வேணாம்) திரும்பி வந்த ஒரு கவர்ல என் நைட்டிக்கு பதிலா மஞ்சக்கறை பட்ட பழசு ஒண்ணு இருந்துச்சு. பேக்கிங் வீடியோ எடுக்காததால கிளெய்ம் நிக்கல. 85 ரூபா லாபத்துல ஓட்டறவளுக்கு அப்படி ஒரு பீஸ் போனா ரெண்டு பீஸ் வித்த லாபம் காலி.

ஜிஎஸ்டி பத்தி எல்லாரும் கேக்கறாங்க. தமிழ்நாட்டுக்குள்ள நாமளே நேரா வித்தா வருஷத்துக்கு 40 லட்சம் விற்பனை வரைக்கும் பதிவு வேண்டாம், நமக்கு அது ரொம்ப தூரம். தளங்கள்லயும் 2023 அக்டோபர்லருந்து ஜிஎஸ்டி பதிவு இல்லாம, ஜிஎஸ்டி போர்ட்டல்ல என்ரோல்மென்ட் நம்பர் மட்டும் வாங்கிட்டு சொந்த மாநிலத்துக்குள்ள விக்கலாம். ஆனா பெங்களூர்ல இருக்கற ஒருத்தருக்கு ஒரே ஒரு நைட்டி வித்தாலும் அது வேற மாநில விற்பனை, பதிவு வேணும். பதிவு எடுத்துட்டா விக்காத மாசத்துக்கும் ஜிஎஸ்டி கணக்கு (ரிட்டர்ன்) போடணும், ஆடிட்டருக்கு ஃபீஸ் வேற.



என்னையக் கேட்டா ரெண்டு மாசம் ரீசெல்லிங், அது சம்பாதிக்க இல்ல, நோட்டு எழுத. அப்புறம் ஒரே ஒரு அயிட்டம், 7 ஆயிரத்துக்குள்ள, காசு வாங்கிட்டு பார்சல். மீதி 13 ஆயிரத்த தொடவே தொடாதீங்க, நான் தொட்டுத்தான் காதர்பேட்டைல விட்டேன். தளமெல்லாம் கையில 200 பீஸ் சுத்தும்போது பாத்துக்கலாம்.

செட்டோட தலையில கட்டின பாசிப்பச்சை மட்டும் இன்னும் 4 பீஸ் கட்டிலுக்கு அடியில கிடக்கு, டபுள் எக்ஸெல், ஜிப் நல்லா ஓடுது, வேணுங்கறவங்க 200 குடுத்தா போதும்.