காட்ஸ்வோல்ட் வே நடைப்பயண பேக்கேஜ்: முழுத் தூரமும் தேவையில்லை

இங்கிலாந்தின் சிப்பிங் கேம்ப்டனில் தொடங்கி பாத் நகரில் முடியும் காட்ஸ்வோல்ட் வே 164 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை. 2007 முதல் நேஷனல் டிரெயில், அதாவது தேசிய அங்கீகாரம் பெற்ற நெடுந்தூர நடைபாதை. இதை நடக்க வரும் தம்பதிகளுக்குப் பல நிறுவனங்கள் விற்பது ஏறக்குறைய ஒரே பேக்கேஜ்தான். காலை உணவோடு தங்குமிடம் பதிவுசெய்து தருவார்கள், பெட்டியை வேனில் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், வரைபடமும் வழிக்குறிப்பும் தருவார்கள். வழிகாட்டி உடன் வரமாட்டார். மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு, ரயில் கட்டணம் எல்லாம் நம் செலவு.

பெட்டி சேவைக்காக மட்டுமே இதற்குப் பணம் கொடுக்கலாம். முதுகில் தண்ணீரும் மழைக்கோட்டும் மட்டும் இருந்தால் ஏற்றத்தில் முழங்கால் பிழைக்கும். ஒரு பெட்டிக்குப் பொதுவாக 20 கிலோ வரை அனுமதி. இரண்டு பேருக்கு ஒரு பெரிய பெட்டி என்று கட்டாமல், ஆளுக்கொரு சிறிய பெட்டியாகப் பிரித்துவிடுங்கள். காலை ஒன்பது மணிக்குள் வரவேற்பறையில் வைத்தாக வேண்டும். மாலைதான் வந்து சேரும் என்பதால் மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர், மாற்றுக் காலுறை நான்கும் தோள்பையில் இருக்கட்டும்.

கோளாறு நாள் கணக்கில் இருக்கிறது. 'ஏழு இரவு' என்று போட்டிருந்தால் பல சமயம் நடக்கும் நாள் ஆறுதான். 164-ஐ ஆறால் வகுத்தால் நாளுக்கு 27 கிலோமீட்டர் வருகிறது. இந்தப் பாதை காட்ஸ்வோல்ட் மேட்டுநிலத்தின் விளிம்பிலேயே போகாது. ஒவ்வொரு கிராமத்துக்கும் இறங்கி மறுபடி ஏறும். நின்று பார்த்து, கேட் திறந்து மூடி நடந்தால் மணிக்கு மூன்று கிலோமீட்டர்தான். அப்படியானால் ஒன்பது மணி நேரம். இரண்டு பேரில் மெல்ல நடப்பவரின் வேகம்தான் இருவருக்கும் வேகம் என்பதை பேக்கேஜ் போடுபவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. மேலும் விடுதி பாதையை விட்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கக்கூடும். அதனால் பணம் கட்டுமுன் 'ஒரு விடுதி வாசலிலிருந்து அடுத்த விடுதி வாசல் வரை எவ்வளவு தூரம்?' என்று நாள்வாரியாகக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் பரிந்துரை வடக்குப் பகுதியை மட்டும் மூன்று நாளில் நடப்பது. முதல் நாள் சிப்பிங் கேம்ப்டனிலிருந்து பிராட்வே, சுமார் 10 கிலோமீட்டர். இரண்டாம் நாள் வின்ச்கோம், 19. மூன்றாம் நாள் கிளீவ் குன்று வழியாகச் செல்டனம் ஓரத்தில் உள்ள சார்ல்டன் கிங்ஸ், 18. அங்கிருந்து பஸ் ஏறி செல்டனம் ஸ்பா ரயில் நிலையம் போய்விடலாம்.

முதல் நாள் சிப்பிங் கேம்ப்டனில் 1627-இல் கட்டிய சந்தை மண்டபத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், மதியத்துக்குள் பிராட்வே கோபுரம் வந்துவிடும். இரண்டாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர். ஸ்டான்டன் கிராமத்தின் தேன் நிறக் கல் வீடுகள், வுட் ஸ்டான்வேக்குப் பின் மூச்சு வாங்கவைக்கும் ஏற்றம், 1246-இல் எழுந்த ஹேல்ஸ் மடத்தின் இடிபாடு எல்லாம் அதில். வழியில் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முந்தின இரவே விடுதியில் சொல்லி மதிய உணவைக் கட்டி வாங்குங்கள். சைவம் என்றால் அதைப் பதிவின்போதே எழுதிவிட வேண்டும். காளான், தக்காளி, பீன்ஸ், சைவ சாசேஜ் என்று காலை உணவுக்குக் குறை இருக்காது.

மூன்றாம் நாள் பெலாஸ் நாப்பில் அரைமணி நேரமாவது உட்காருங்கள். ஐயாயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய புதைமேடு. வடக்குமுனையில் இருக்கும் வாசல் பொய்வாசல், உள்ளே எங்கும் போகாது. அதன் இருபுறமும் மெல்லிய கற்களை ஓலைச்சுவடி அடுக்கியதுபோல் சாந்தே இல்லாமல் அடுக்கியிருக்கிறார்கள். அப்புறம் 330 மீட்டர் உயரமுள்ள கிளீவ் குன்று, இந்த மேட்டுநிலத்தின் உச்சி. திறந்தவெளி. மூடுபனி இறங்கினால் வழி காட்டும் அடுத்த கம்பம் தெரியாது, கைபேசியில் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

மற்றபடி வழி தவறுவது அரிது. ஏகார்ன் எனப்படும் ஓக் மரக் காய் சின்னமே இந்தப் பாதையின் அடையாளம். மஞ்சள் அம்பு மட்டும் இருந்தால் அது ஏதோ ஒரு பொது நடைபாதை, நம்முடையது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதை கோதுமை வயலுக்கு நடுவே போனால் தயங்காமல் நடுவிலேயே நடங்கள். அது சட்டப்படி பொதுவழி. சுற்றிப் போனால்தான் பயிர் மிதிபடும். கன்றோடு நிற்கும் மாடுகளுக்கு மட்டும் இடம்விட்டு ஓரமாகச் சுற்றிப் போக வேண்டும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே புகுவது ஆபத்து. கிஸ்ஸிங் கேட்டில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். கதவைத் தள்ளி, வளைந்த தடுப்புக்குள் நின்று, கதவைத் திருப்பி விட்ட பிறகே வெளியேற இடம் கிடைக்கும். பெரிய முதுகுப்பை அங்கே சிக்கும்.

சேறு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். மேலே சுண்ணாம்புக் கல், அடியில் களிமண். கல்லுக்குள் இறங்கிய மழைநீர் களிமண்ணைத் தொட்டதும் சரிவின் அடியில் ஊற்றாகக் கசிகிறது. அதனால் மேட்டில் காய்ந்திருக்கும் பாதை கீழே இறங்கியதும் வழுக்கும். கணுக்கால் மூடும், தண்ணீர் புகாத பூட்ஸும் இரண்டு ஊன்றுகோலும் அவசியம். கோடையிலும் முழுக்கால் சட்டைதான். ஓரமெல்லாம் செந்தட்டி, புல்லில் உண்ணி.

மே மாதம் சிறந்தது. காட்டுப் பூண்டு வாசனையும் நீல மணிப் பூக்களும் மாதத்தின் முன்பாதியில் கிடைக்கும், பொழுதும் நீளம். வார இறுதியில் பல விடுதிகள் இரண்டு இரவுக்குக் குறைவாகத் தருவதில்லை என்பதால் திங்கள் தொடங்குவது நல்லது. சிப்பிங் கேம்ப்டனுக்கு ரயில் கிடையாது. லண்டன் பேடிங்டனிலிருந்து மோர்ட்டன் இன் மார்ஷ் வரை ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், பிறகு பஸ். ஞாயிறு வந்து சேர்வதானால் டாக்சியை முன்பே சொல்லிவையுங்கள். பப்களில் சமையலறை பெரும்பாலும் இரவு ஒன்பதுக்குள் மூடிவிடும். விடுதியில் குளித்து முடித்ததும் முதல் வேலை மேசை பதிவு செய்வதுதான்.