ஒரே துவக்கு, நரிக்கும் மானுக்கும்: .243 உடன் 14 ஆண்டுகள்

பிரெட்ரிக் கோட்டைக்குள் மர நிழலில் உட்கார்ந்திருந்தபோதுதான் இங்கிலாந்திலிருந்து மருமகனின் அழைப்பு வந்தது. மடியில் பிரித்து வைத்திருந்த சோற்றுப் பார்சலை ஒரு புள்ளிமான் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. திருகோணமலை மான்களுக்கு மனிதப் பயம் கிடையாது. கையிலிருந்து வாழைப்பழத் தோலைப் பிடுங்கித் தின்னும். மருமகன் கேட்டது இதுதான்: "மாமா, நரிக்கும் மானுக்கும் ஒரே துவக்கு போதுமா? எந்த ரவை எடுக்கட்டும்?"

மானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச வாய் வரவில்லை. இரவு அழைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று அவனுக்குச் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது இங்கிலாந்துக் கதை. இலங்கையில் புள்ளிமானும் மரையும் 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைச் சுடுவது குற்றம். கட்டுத்துவக்கு வைப்பவர்களுக்கு என்னிடம் ஆலோசனை எதுவும் இல்லை. இங்கிலாந்திலோ மான்களைக் குறைத்தாக வேண்டிய நிலை. வயலையும் இளங்காட்டையும் அவை மொட்டையடிக்கின்றன. அவற்றைத் தின்னும் ஓநாய் அங்கே அழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. நோர்போக்கில் ஒரு பண்ணையில் இயந்திரம் திருத்துபவனாகச் சேர்ந்த நான், ஆட்டுக்குட்டி ஈனும் காலத்தில் நரிக்காவலுக்கும், பனிக்காலத்தில் மான் குறைப்புக்கும் துவக்கு எடுத்தேன். தம்பலகாமத்து வயலில் அப்பா காவற்பரணில் தகரம் தட்டிப் பன்றி விரட்டியதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. நோர்போக்கிலும் பரண்தான். கடற்கரை மாவட்டம், தட்டையான நிலம். உயரத்திலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால்தான் தவறிய சன்னம் மண்ணுக்குள் போகும்.

நான் .243 வின்செஸ்டர் ரவையை எடுத்ததற்கு முதற்காரணம் சட்டம் (ரவைப் பெயரில் வரும் எண், ஏறக்குறைய சன்னத்தின் விட்டம், அங்குலத்தில்). இங்கிலாந்தில் பெரிய மான்களுக்குக் குழல் விட்டம் குறைந்தது .240 அங்குலமும், குழல் வாயில் சன்னத்தின் சக்தி 1,700 அடி-இறாத்தலும் இருக்க வேண்டும் என்கிறது 1991 ஆம் ஆண்டின் மான் சட்டம். .223 ரெமிங்டன் நரிக்கு அருமையான ரவை. ஆனால் இங்கிலாந்தில் மண்ட்ஜக், சீன நீர்மான் என்ற இரண்டு சிறிய இனங்களுக்கு மேல் அதைக் கொண்டு போக முடியாது. ரோ மான் எங்கள் நாயை விடக் கொஞ்சம்தான் பெரிது, அதற்குக்கூட ஆகாது. ஸ்கொட்லாந்தில் ரோ மானுக்கு .223 போன்ற ரவைகளை அனுமதிக்கிறார்கள். எல்லை தாண்டினால் நீதி மாறுகிறது. .308 இருக்கிறது, ஆனால் தோளில் உதைக்கும்; இரவில் நரிக்காகப் பத்து முறை தோளில் வைத்து எடுப்பவனுக்கு அது வேண்டாத சுமை. .243 என்பது அந்த .308 இன் கழுத்தை ஒடுக்கி 1955 இல் செய்த ரவைதான். கோது என்ற பித்தளை உறையும் உள்ளிருக்கும் மருந்தும் பெரிது, பறந்துபோகும் சன்னம் சிறிது. அதனால் வேகம்.

வேகத்தைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று, குழலுக்குள் சன்னத்தைச் சுழல வைக்கும் திருகு வரியான புரி. அதே 1955 இல் ரெமிங்டனும் .244 என்ற ஒரு ரவையைக் கொண்டு வந்தது. விட்டம் அதே விட்டம், கோது கொஞ்சம் பெரிது. எண்களில் பார்த்தால் வின்செஸ்டரை விட மேல். ஆனால் சிறு விலங்கு வேட்டையை மனதில் வைத்து, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று புரி வெட்டினார்கள். 100 கிரெயின் (சன்னத்தின் எடையளவு) சன்னம் நீளமானது. அந்தத் தளர்ந்த புரியில் அது நிலையாகச் சுழலாது. வின்செஸ்டர் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வெட்டியது. நரியும் மானும் ஒரே துவக்கில் வேண்டும் என்று கடைக்குப் போனவன் எதை வாங்குவான்? ரெமிங்டன் பின்னர் புரியை இறுக்கி, 1963 இல் பெயரையும் 6 மி.மீ. ரெமிங்டன் என்று மாற்றியது. அதற்குள் சந்தை கைவிட்டுப் போய்விட்டது. 100 கிரெயின் என்றால் ஆறரை கிராம், நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய ஐம்பது குன்றிமணி. அந்த எடையைச் சுமக்க முடியுமா முடியாதா என்பதில்தான் ஒரு ரவையின் தலையெழுத்தே இருந்தது.

இனி என் தவறு. 55, 58 கிரெயின் சன்னம் போட்டால் நரித் துவக்கு, 100 கிரெயின் போட்டால் மான் துவக்கு, ஒன்றின் விலையில் இரண்டு என்று விற்பவர்கள் சொல்வார்கள். நானும் நம்பினேன். என் துவக்கில் 100 கிரெயின் சன்னம் 100 யாரில் (கெஜத்தில்) குறிக்கு ஒன்றரை அங்குலம் மேலே விழும்படி வைத்திருந்தேன். அப்படி வைத்தால் 200 யாரில் குறிக்கே போகும். 58 கிரெயின் அதே தொலைநோக்கியில் வலப்பக்கமாக இரண்டு அங்குலம் தள்ளி விழுந்தது. ஒவ்வொரு முறையும் திருகாணியைத் திருகி மாற்றுவது, பிறகு மாற்றினேனா இல்லையா என்று படுக்கையில் கிடந்து யோசிப்பது. வட கடலிலிருந்து காற்று வீசும் நாளில் அந்த இலேசான சன்னம் எங்கே போகும் என்பது அதற்கே தெரியாது.

ஒரு நவம்பர் விடியல். முந்திய இரவு விளக்கு வைத்து நரிக்குக் காத்திருந்தேன்; மானை இரவில் சுடக்கூடாது, நரியைச் சுடலாம். இடுப்புப் பையில் இரண்டு வகை ரவையும் கிடந்தன. நரிச் சன்னத்தின் நுனி சிவப்பு, மான் சன்னத்தின் நுனி ஈயச் சாம்பல். பகலில் குழந்தைகூடப் பிரித்துவிடும். பரணில் இருட்டில், கையுறை போட்ட விரலுக்கு இரண்டும் ஒரே பித்தளைதான். ஒரு ரோ பெண்மான் வரப்போரம் வந்து பக்கவாட்டில் நின்றது. தோளுக்குப் பின்னால் வைத்த வெடி சற்று முன்னால் போய்த் தோள் எலும்பிலேயே பட்டது. தொட்டதும் சிதறிவிட வேண்டும் என்றே செய்யப்பட்ட சன்னம். எலும்பின் மேலேயே சிதறியது. உள்ளே ஒன்றும் போகவில்லை. மான் விழுந்தது, எழுந்தது, புதருக்குள் போனது. பண்ணை முதலாளியின் நாய்தான் முந்நூறு யாருக்கு அப்பால் முட்புதரில் அதைக் கண்டுபிடித்தது. இரண்டாவது வெடியை மூன்றடி தூரத்திலிருந்து வைத்தேன். அந்தக் கண்ணைப் பற்றி எழுத விருப்பமில்லை. அந்தச் சன்னமும் அந்தச் சக்தியும் சட்ட அளவுக்குள்தான் இருந்தன.

அன்று மாலையே மிச்சமிருந்த 58 கிரெயின் பெட்டிகளைத் துவக்குக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள் நரிக்கும் 100 கிரெயின், மானுக்கும் 100 கிரெயின். நரிக்கு ஏதாவது குறைந்ததா என்றால் ஒன்றுமில்லை. தோல் கெட்டுப்போகும் என்பார்கள். பண்ணை நரியின் தோலை யார் உரிக்கிறார்கள்? ஒரே குறை, கனமான சன்னம் நரியை ஊடுருவி மறுபக்கம் போகும். பின்னால் மண்மேடு இல்லையென்றால் சுடாமல் இறங்கி வந்துவிட வேண்டும். முயலுக்கு மட்டும் இதை எடுக்காதீர்கள், மிஞ்சுவது மயிர்தான். அதற்குச் சின்ன .22 இருக்கிறது.

குழல் தேய்மானம் பற்றிக் கேட்பார்கள். ஆண்டுக்கு நூறு, நூற்றிருபது வெடி என்று வைத்தால் 14 ஆண்டில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். முன்பு ஓர் அங்குலத்துக்குள் விழுந்த மூன்று வெடிகள் கடைசி இரண்டு ஆண்டில் இரண்டு அங்குலத்துக்கு விரிந்தன. சிறிய துளைக்குள் நிறைய மருந்து எரிந்தால் குழலின் தொண்டை அரிபடும், அது இந்த ரவையின் பிறவிக்குணம். ரோ மானுக்கு இரண்டு அங்குலம் தாராளம். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

பெரிய மானுக்குப் போதுமா? ஃபலோ மானுக்குப் போதும், ஆனால் பக்கவாட்டில், 150 யாருக்குள். செம்மான் ஆணுக்கு நான் ஒருபோதும் துணியவில்லை. ஃபலோவை முதன்முதலில் பரணிலிருந்து பார்த்தபோது உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நிற்கும் புள்ளிமான் போலவே நின்றது. அந்தப் பருவம் முழுக்க ஒரு ஃபலோவையும் சுடாமல் "காற்று சரியில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மருமகனின் கூட்டாளிகள் 6.5 கிரீட்மோர் எடுக்கச் சொல்கிறார்களாம். 2007 இல் வந்தது, நல்ல ரவை. ஃபலோவும் செம்மானும் மிகுந்த நிலமென்றால் நானும் அதைத்தான் சொல்வேன். இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஈயத்தை விட்டுச் செப்புச் சன்னத்துக்கு எல்லோரும் மாறுகிறார்கள். செப்பு இலேசு, அதனால் அதே எடைக்குச் சன்னம் நீளும், பழைய .243 குழலின் 10 அங்குலப் புரிக்கு 100 கிரெயின் செப்பு ஒத்துவராது. 80 கிரெயின் ஒத்துவரும். ஸ்கொட்லாந்து 2023 இல் பெரிய மான்களுக்கான குறைந்தபட்ச எடையை 100 கிரெயினிலிருந்து 80 ஆகக் குறைத்தது இந்தச் சிக்கலால்தான். செப்பு, தொட்டதும் சிதறாது. விரிந்து உள்ளே போகும். அன்று என் பையில் அது இருந்திருக்க வேண்டும். மருமகன் பண்ணையில் ரோவும் மண்ட்ஜக்கும் நரியும்தான். .243, 80 கிரெயின் செப்பு, அது ஒன்று மட்டும், வேறு பெட்டி வாங்காதே என்று சொன்னேன்.

பொலிஸ் அனுமதிப்பத்திரம் வந்து, துவக்கும் வாங்கி, போன கிழமை குறித்தாளின் படத்தை அனுப்பியிருந்தான். மூன்று துளை. இரண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன, மூன்றாவது இரண்டு விரல் இடப்பக்கம். "ரவை சரியில்லையோ மாமா?" என்று கேட்டிருந்தான். தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் திருகாணிகளை முதலில் இறுக்கிப் பார் என்று எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.