ஐந்து மடங்கு விலை கொடுத்து வாங்கிய குளியல் சோப்பு

குளியல் சோப்பைப் பற்றி நாம் யாரும் அதிகம் யோசிப்பதில்லை. தீர்ந்துபோனால் கையில் கிடைக்கும் அடுத்ததை எடுத்து வருவதோடு சரி. அதைக் கையால் செய்து, வழக்கமான சோப்பைப் போல ஐந்து மடங்கு விலை வைத்து, செய்ததை எல்லாம் மிச்சமின்றி விற்றுவிடும் ஒரு சிறு தொழிலைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, அந்த விலை அட்டைப்பெட்டிக்கும் வாசனைக்கும்தான் போகிறது என்று நினைத்தேன். ஆறு மாதங்களில் எட்டுக் கட்டிகளைத் தேய்த்துத் தீர்த்த பிறகு, அந்த எண்ணத்தைப் பெருமளவு மாற்றிக்கொண்டேன்.

இவர்கள் பின்பற்றுவது குளிர்முறை. எண்ணெய்க் கலவையை இளஞ்சூட்டில் வைத்து, தண்ணீரில் கரைத்த காஸ்டிக் சோடா என்னும் கடுமையான காரத்தை அதில் ஊற்றிக் கலக்கி, கூழ்ப் பதம் வந்ததும் அச்சில் வார்க்கிறார்கள். ஓரிரு நாளில் இறுகியதைக் கட்டிகளாக அறுத்து, நான்கு முதல் ஆறு வாரங்கள் காற்றோட்டமான அலமாரியில் இடைவெளி விட்டு அடுக்கிக் காயவைக்கிறார்கள். வேதிவினையின் பெரும்பகுதி தொடக்கத்திலேயே முடிந்துவிடும். எஞ்சிய காத்திருப்பு, கட்டியில் உள்ள நீர் வற்றி, அது சோப்புப் பெட்டியில் குழையாமல் நீண்ட நாள் உழைப்பதற்காக. பெரிய ஆலைகளில் சோப்பு நூடுல்ஸ் எனப்படும் காய்ந்த துணுக்குகளோடு நிறமும் மணமும் சேர்த்து அரைத்து, அழுத்தி அச்சிட்டு, அன்றைக்கே பெட்டியில் அடைத்துவிட முடியும். சிறு தொழில் செய்பவருக்கோ, அலமாரியில் சரக்கு காயும் நாளெல்லாம் போட்ட முதல் முடங்கிக் கிடக்கும் நாள். விலையில் ஒரு பங்கு அதற்கானது என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

எண்ணெய் சோப்பாக மாறும்போது கிளிசரினும் கூடவே உண்டாகிறது. மருந்து, அழகுசாதனத் தொழில்களில் அதற்கு மதிப்பு இருப்பதால், பெரிய ஆலைகள் பொதுவாக அதைப் பிரித்தெடுத்துத் தனியே விற்றுவிடும். குளிர்முறையில் அது கட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அத்துடன், எண்ணெயில் சுமார் 5 சதவீதம் சோப்பாக மாறாமல் நிற்கும்படி காஸ்டிக் சோடாவைக் குறைத்தே அளக்கிறார்கள். குளித்துத் துவட்டிய பிறகு முழங்கையும் கெண்டைக்காலும் வெளிறி இழுக்கும் அந்த உணர்வு எனக்கு இரண்டாவது வாரத்திலேயே குறைந்தது.

என்னை மிகவும் கவர்ந்தது கட்டியைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டை. சேர்த்த எண்ணெய்களின் பெயர்களும் அளவு வரிசையும் அச்சிலும், அறுத்த தேதி பேனாவிலும் இருக்கின்றன. 'காய்ந்த பின் எடை 100 கிராம்' என்று போட்டிருந்ததைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 103 காட்டியது. காஸ்டிக் சோடா சேர்த்தே செய்ததாகவும், முடிந்த சோப்பில் அது மிஞ்சாது என்றும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். 'ரசாயனமே இல்லாதது' என்று கூவி விற்கும் தொழிலில் இந்த ஒரு வரி பெரிய மரியாதைக்குரியது.

குறைகளும் உண்டு. கடினநீரில் நுரை குறைவு. நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து வாளியின் ஓரத்தில் வெண்படலம் படிகிறது. உண்மையான சோப்பு எதற்கும் இது பொது என்றாலும், வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். மேலே பதித்த பூவிதழ்கள் இரண்டே நாளில் கறுத்து வடிகாலை அடைக்கின்றன. ஒரு வகைச் சோப்பு தோல் நோயைக் குணப்படுத்தும் என்று எழுதியிருப்பதை ஏற்கவே முடியாது. நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லி விற்பது மருந்துக்குரிய நிரூபணம் வேண்டும் செயல்.

ஆறாவது கட்டி மாவுபோலக் குழைந்து ஒரே வாரத்தில் கரைந்தது. பட்டையைத் தேடியெடுத்துப் பார்த்தால், அறுத்துப் பதினேழு நாளில் அனுப்பியிருந்தார்கள். எழுதிக் கேட்டதற்கு, ஆர்டர் குவிந்ததால் அவசரப்பட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு இரண்டு கட்டிகள் அனுப்பினார்கள். இத்தகைய தொழில் வளரும்போது முதலில் வெட்டுப்படக்கூடியது காத்திருப்புதான் என்பதால், இதை நான் சிறிய தவறாக எண்ணவில்லை. மார்செய் நகரத்துச் சோப்பின் பெயரைக் காக்க, பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் 1688-இல் பிறப்பித்த ஆணை, ஆலிவ் எண்ணெயைத் தவிர வேறு கொழுப்பைச் சேர்க்கக் கூடாது என்று விதித்ததோடு நிற்கவில்லை. வெயிலில் சோப்பின் தரம் கெடும் என்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உற்பத்தியையே நிறுத்தச் சொன்னது. அத்தகைய கட்டுப்பாட்டை இவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்டால்தான் ஐந்து மடங்கு விலை நிலைக்கும்.

பூவிதழும் மணமும் சேர்க்காத வகையில் நான்கு கட்டிகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அறுத்து இருபது நாள்தான் ஆகிறது, இன்னும் மூன்று வாரம் பொறுக்க வேண்டும் என்று இம்முறை அவர்களே எழுதியிருக்கிறார்கள்.