அமெரிக்கப் பண்ணைகளுக்கான கொரோனா நிவாரணம்: இரண்டு சுற்றுகள், இரண்டு மதிப்பெண்கள்

அமெரிக்க வேளாண் துறை 2020 ஏப்ரலில் அறிவித்த கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டத்தை, விவசாயிக்கு அரசு வழங்கிய ஒரு சேவையாக எடைபோட்டால், அதன் இரண்டு சுற்றுகளுக்கும் ஒரே மதிப்பெண் தர இயலாது.

நேரடி நிவாரணத்துக்கு 1,600 கோடி டாலர் ஒதுக்கிய முதல் சுற்றில் வேகத்துக்குக் குறைவில்லை. மே 26 முதல் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தோறும் உள்ள பண்ணைச் சேவை முகமையின் அலுவலகங்கள் விண்ணப்பங்களைப் பெற்றன; விவசாயி தாமே அளித்த உறுதிமொழி ஏற்கப்பட்டது; கணக்கிட்ட தொகையில் 80 விழுக்காடு முதலில் வழங்கப்பட்டது. கோளாறு கணக்கிட்ட முறையில்தான் இருந்தது. ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரையிலான காலத்தில் விலை 5 விழுக்காடாவது சரிந்த விளைபொருள்களுக்கே உதவி என்ற விதி, சோளம், மாடு போன்றவற்றைப் பெருமளவில் விற்பவர்களுக்குப் பொருந்தியது. வட மாநிலங்களில் உணவகங்களுக்கும் வாரச்சந்தைக்கும் காய்கறி விற்கும் சிறு பண்ணைக்கோ, அந்த மூன்று மாதங்களில் நிலமே பனியில் உறைந்து கிடக்கும். உணவகங்கள் மார்ச்சில் மூடப்பட்டதன் அடி அதன் மீது விழுவது அறுவடைக்குப் பிறகுதான்; அந்த இழப்பு கணக்கிலேயே வரவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே வீதம் என்பதால், இயற்கை முறையில் விளைவித்துக் கூடுதல் விலைக்கு விற்பவருக்கும் தனிக் கணிப்பு இல்லை. கொய்மலர்கள் பட்டியலில் சேர ஆகஸ்ட் ஆயிற்று.

செப்டம்பர் 21 அன்று தொடங்கிய இரண்டாம் சுற்று, 1,400 கோடி டாலர் வரையிலான ஒதுக்கீட்டுடன், இந்தக் குறையைப் பெரிதும் களைந்தது. காய்கறி, பழம் போன்றவற்றுக்கு 2019ஆம் ஆண்டின் விற்பனையே அடிப்படையானது: முதல் 49,999 டாலருக்கு 10.6 விழுக்காடு, விற்பனை உயர உயரப் படிப்படியாக இறங்கி, 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 8.8 விழுக்காடு. 40,000 டாலருக்கு விற்ற பண்ணைக்கு 4,240 டாலர் கிடைக்கும் என்பதை, விற்பனைக் கணக்கு வைத்திருந்த எவரும் வீட்டிலிருந்தே கணக்கிட்டுவிட முடிந்தது. அரசுப் படிவம் ஒன்றில் இத்தகைய தெளிவு அரிது. 2019இல் விற்பனையே இல்லாத புதிய விவசாயிகளுக்கு 2020இன் விற்பனை ஏற்கப்பட்டது. ஒப்பந்த முறையில் கோழி வளர்ப்பவர்கள் மட்டும் 2021 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆனால், உண்மையில் இழப்பு ஏற்பட்டதா என்று இந்த முறை கேட்கவே இல்லை. பெருந்தொற்று ஆண்டில் வீடுகளுக்குச் சந்தா முறையில் காய்கறிப் பெட்டி அனுப்பிய பண்ணைகள் பலவற்றில் தேவை பெருகியது. அவற்றுக்கும், உணவக வாடிக்கையாளர்களை இழந்து தவித்த பண்ணைகளுக்கும் ஒரே வீதம். தனிநபருக்கு 2,50,000 டாலர் என்ற உச்சவரம்பு, உழைப்பிலோ நிர்வாகத்திலோ நேரடியாக ஈடுபடும் மூன்று பங்குதாரர்கள் உள்ள நிறுவனத்துக்கு 7,50,000 வரை விரிந்தது. சிறு பண்ணைகள் நெருங்கவே முடியாத இத்தொகை, நிவாரணம் இழப்பைவிட விற்பனையின் அளவையே பின்தொடர்ந்தது என்பதைக் காட்டுகிறது.

2020 டிசம்பரில் முடிந்த விண்ணப்பக் காலத்தை 2021 ஏப்ரல் 5 முதல் அக்டோபர் 12 வரை மீண்டும் திறந்ததை, இத்திட்டத்தின் மிகச் சிறந்த முடிவாகக் கருதுகிறேன். பெரும் பயிர் விவசாயிகளின் நிலமும் கணக்கும் கவுண்டி அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். அங்கே கால் வைத்தே இராத சந்தை விவசாயிகளோ எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது, அவர்களுக்கு அந்த ஆறு மாதங்கள் மிகவும் தேவைப்பட்டன.