அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் நமக்கு என்ன லாபம்?

அமெரிக்காவில் தேர்தல் வந்தால் மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளிலும் தேர்தல்தான். "அதிக ஓட்டு வாங்கினவங்க எப்படித் தோற்பாங்க, இதென்ன நியாயம்" என்று ஒருவர் ஆரம்பிப்பார், "நம்ம நாட்டுல மட்டும் என்னவாம், 2013-ஐ மறந்துட்டியா தம்பி" என்று பக்கத்து மேசையிலிருந்து பதில் வரும். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், 2013-இல் இங்கேயும் அதிக ஓட்டு வாங்கிய கூட்டணி தோற்றது. ஆனால் அங்கிருந்து "அப்ப எல்லா நாட்டிலும் சனங்களே நேரடியா ஓட்டுப் போட்டு அதிபரைத் தேர்ந்தெடுக்கட்டும், பிரச்சினை தீர்ந்தது" என்று முடிப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நேரடித் தேர்தலில் பல ரகம் இருக்கிறது. எத்தனை ஓட்டு, எங்கிருந்து வாங்கினால் ஜெயித்ததாக அர்த்தம் என்ற விதியைப் பார்க்காமல், மலேசிய இந்தியர்களான நம்மைப் போல ஏழு விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள சமூகம் எந்த முறைக்கும் கைதட்டக்கூடாது.

அமெரிக்க முறையை முதலில் பார்த்துவிடுவோம், திட்டு வாங்குவது அதுதானே. மக்கள் போடும் ஓட்டு மாநிலவாரியாகத் தேர்வாளர்களைத்தான் முடிவு செய்கிறது, அதிபரைத் தேர்ந்தெடுப்பது அவர்கள். மொத்தம் 538 தேர்வாளர்கள், 270 கிடைத்தால் அதிபர். 48 மாநிலங்களில் ஒரு ஓட்டில் ஜெயித்தாலும் அந்த மாநிலத்துத் தேர்வாளர்கள் அத்தனை பேரும் ஜெயித்தவருக்கே. மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் பிரித்துக் கொடுக்கின்றன. 2000-இல் அல் கோர் நாடு முழுக்க 5 லட்சத்துக்கு மேல் கூடுதலாக வாங்கியும் புளோரிடாவில் 537 ஓட்டில் பதவி கைவிட்டுப் போனது. 2016-இல் ஹிலாரி கிளிண்டனுக்கு ஏறக்குறைய 29 லட்சம் ஓட்டு கூடுதல், அதிபரானது டிரம்ப். இதை மாற்ற முயலவில்லை என்றும் சொல்ல முடியாது. 1969-இல் கீழவையில் 338-க்கு 70 என்ற கணக்கில் நேரடித் தேர்தலுக்கான சட்டத் திருத்தம் நிறைவேறியது, அடுத்த வருஷம் செனட்டில் பேசிப் பேசியே அதை முடக்கினார்கள்.

சின்ன மாநிலங்களுக்கு இது பாதுகாப்பு என்பார்கள். வயோமிங் மாதிரிச் சின்ன மாநிலத்துக்கு 3 தேர்வாளர்கள், ஆள்தொகையை வைத்துப் பார்த்தால் கலிபோர்னியாவைவிட அவர்களுக்குக் கூடுதல் மதிப்புதான். ஆனால் முடிவு முன்கூட்டியே தெரிந்த ஊர் என்பதால் எந்த வேட்பாளரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. கவனிப்பெல்லாம் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற இழுபறி மாநிலங்களுக்கு. ஒரே ஒரு நல்லது ஒப்புக்கொள்ள வேண்டும்: தகராறு வந்தால் ஒரு மாநிலத்தோடு நிற்கும். 2000-இல் புளோரிடாவில் மட்டும் மறுபடி எண்ணப் போய் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை ஏறியதே, அதையே நாடு முழுக்கச் செய்வதாக நினைத்துப் பாருங்கள்.

இந்தியா வேறு மாதிரி. அங்கே குடியரசுத் தலைவருக்கு மக்கள் ஓட்டுப் போடுவதில்லை; நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் போடுகிறார்கள், அதுவும் ஆளுக்கு ஒரே மதிப்பு இல்லை. 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து உத்தரப் பிரதேச உறுப்பினருக்கு 208, தமிழ்நாட்டு உறுப்பினருக்கு 176, சிக்கிம்காரருக்கு 7. 2002-இல் அப்துல் கலாமை எதிர்த்து நின்றவர் கேப்டன் லட்சுமி. நம் தோட்டத்துப் பெண்கள் பலர் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்களே, அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர். நேரடித் தேர்தலாக இருந்திருந்தால் சுவாரஸ்யமாக இருந்திருக்கும், நடந்ததோ கட்சிக் கணக்கு. கலாமுக்கு ஏறக்குறைய 90 விழுக்காடு. அதில் எனக்கு வருத்தமில்லை. அரசை நடத்துவது பிரதமர் என்றிருக்கும்போது கையெழுத்துப் போடும் பதவிக்கு நூறு கோடிப் பேரை வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை. நம் மாமன்னரையும் ஒன்பது ஆட்சியாளர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தங்களுக்குள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அப்படியானால் சிங்கப்பூர் ஏன் நேரடித் தேர்தல் வைக்கிறது? அங்கே அதிபருக்கு நாட்டின் சேமிப்பு நிதியைப் பூட்டி வைக்கும் சாவி உண்டு, அரசாங்கத்துக்கு மறுப்புச் சொல்ல மக்கள் ஆதரவு வேண்டும் என்று 1991-இல் சட்டத்தை மாற்றினார்கள். 2023-இல் தர்மன் சண்முகரத்தினம் 70.4 விழுக்காடு வாங்கியபோது நம் ஊரிலும் பெருமை தாங்கவில்லை, சீனர் பெரும்பான்மை நாட்டில் ஒரு தமிழர்! ஆனால் கதவு எவ்வளவு குறுகல் என்றும் பார்க்க வேண்டும். பெரிய அரசுப் பதவியோ பெரிய நிறுவனத் தலைமையோ வகித்திருந்தால்தான் போட்டியிடவே முடியும். 2017 தேர்தலை மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கினார்கள், தகுதி பெற்றவர் ஒருவரே, ஹலிமா யாக்கோப் போட்டியின்றி வந்தார். யார் நிற்கலாம் என்பதை இவ்வளவு வடிகட்டிவிட்டு மக்கள் தேர்வு என்று சொல்வது எனக்கு முழுசாக ஒட்டவில்லை.

நமக்கு உண்மையான பாடம் இலங்கையில் இருக்கிறது. நம் தாத்தா பாட்டிகள் பினாங்குக்குக் கப்பலேறிய அதே காலத்தில் அவர்களின் சொந்தபந்தங்கள் கண்டிச் சீமைக்குப் போனார்கள், அங்கே தேயிலை, இங்கே ரப்பர். மலையகத்தில் 1948-இல் குடியுரிமையைப் பறித்தார்கள், அதைத் திரும்பப் பெற்று ஓட்டுச் சீட்டைக் கையில் எடுக்க எத்தனையோ வருஷம் பிடித்தது. 1982 முதல் அங்கே அதிபருக்கு நேரடித் தேர்தல், பாதிக்கு மேல் வாங்கினால் வெற்றி. 2015-இல் சிங்கள ஓட்டு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கு, கிழக்கு, நுவரெலியா எல்லாம் சேர்ந்து மைத்திரிபால சிறிசேனாவை 51.28 விழுக்காட்டில் ஏற்றி வைத்தன. தமிழனின் ஓட்டுக்கு இவ்வளவு எடையா என்று நானும் சந்தோஷப்பட்டேன். நாலே வருஷம். 2019-இல் அதே வடக்கும் கிழக்கும் நுவரெலியாவும் சஜித் பிரேமதாசா பக்கம் நின்றன, கோத்தபாய ராஜபக்ச அவர்கள் ஓட்டு இல்லாமலே 52.25 விழுக்காட்டில் ஜெயித்தார். விதி ஒன்றுதான், மாறியது பெரும்பான்மை பிரிந்ததா சேர்ந்ததா என்பது மட்டும். பிரிந்தால் நீ ராஜா, சேர்ந்தால் உன்னை யாரும் தேடி வர வேண்டிய அவசியமே இல்லை.

அங்கே இரண்டாம் விருப்பம் குறிக்கும் வசதியும் உண்டு, யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் அதை எண்ணுவார்கள். 2024-இல் அனுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காட்டில் நின்றதால் முதல்முறையாக அதை எண்ண வேண்டி வந்தது. மூன்றாவது, நான்காவது வேட்பாளர்களுக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது விருப்பத்தைக் குறிக்கவே இல்லை. நல்ல கருவி, யாரும் கையில் எடுக்கவில்லை. பிரான்சில் இதையே இரண்டு சுற்றாக வைக்கிறார்கள், அதுவும் 2002-இல் வழுக்கியது: இடதுசாரி ஓட்டு சிதறி, 16.86 விழுக்காட்டோடு தீவிர வலதுசாரி லெ பென் இரண்டாம் சுற்றுக்குள் நுழைந்துவிட்டார்.

என்னைக் கேட்டால் இருப்பதில் புத்திசாலித்தனமான விதி இந்தோனேசியாவில் இருக்கிறது, அதுவும் கடல் தாண்டினால் வந்துவிடும் தூரத்தில். 1999-இல் மேகாவதியின் கட்சி தேர்தலில் முதலிடம், ஆனால் மக்கள் ஆலோசனை மன்றம் கூடி, குஸ் டூர் எனப்படும் அப்துர்ரஹ்மான் வாஹிதை அதிபராக்கியது. இரண்டு வருஷத்தில் அதே மன்றம் அவரை இறக்கியும் விட்டது. அந்தக் கூத்துக்குப் பிறகு 2004-இலிருந்து நேரடித் தேர்தல். ஜெயிக்கப் பாதிக்கு மேல் வாங்கினால் மட்டும் போதாது, பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் குறைந்தது 20 விழுக்காடாவது வாங்கியிருக்க வேண்டும். ஜாவாவில் மட்டும் அள்ளிக்கொண்டு நாற்காலியில் உட்கார முடியாது. 2024-இல் பிரபோவோ 58.59 விழுக்காடு வாங்கினார், 38 மாநிலங்களில் 36-இல் முதலிடம். செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்யும் இந்தோனேசியத் தொழிலாளர்கள் மலேசியாவில் இருந்தபடியே அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட முடியும். ஆள் எங்கே சிதறிக் கிடந்தாலும் ஓட்டு ஒரே கூடைக்குள் விழுகிறது.

சிதறல் என்றதும் நம் கதை வருகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு சனம் தாமான் குடியிருப்புகளுக்கும் பட்டணத்துக்கும் போய்விட்டது; 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மை உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. ஆனால் இழுபறித் தொகுதியில் நம் ஓட்டு கொஞ்சம் நகர்ந்தாலே ஆள் மாறிவிடும். 1974 முதல் ம.இ.கா.வின் சாமிவேலு வைத்திருந்த சுங்கை சிப்புட் 2008-இல் எதிர்க்கட்சியின் மைக்கேல் ஜெயக்குமாரிடம் போனதை இந்த ஊரில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. நேரடித் தேர்தல் வந்தால் இந்தப் பிடி போய்விடும், நேரடித் தேர்தல் இல்லாததற்கு 2013 மாதிரி விலையும் கொடுக்கிறோம்: எதிர்க்கட்சிக் கூட்டணி பக்காத்தானுக்கு 50.87 விழுக்காடு ஓட்டும் 89 இடமும், ஆளும் தேசிய முன்னணிக்கு 47.38 விழுக்காடு ஓட்டும் 133 இடமும்.

சரி, பிரதமரை மட்டும் நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன? 2018-க்கும் 2022-க்கும் இடையில் பொதுத்தேர்தலே இல்லாமல் இரண்டு முறை பிரதமர் மாறிய எரிச்சலில் இளைஞர்கள் இதைக் கேட்கிறார்கள். இஸ்ரேல் அதைச் செய்து பார்த்துவிட்டது. 1996, 1999, 2001 என்று மூன்று முறை பிரதமருக்குத் தனி ஓட்டு. மக்கள் ஒரு சீட்டைப் பெரிய தலைவருக்கும் இன்னொன்றைத் தங்களுக்குப் பிடித்த சின்னக் கட்சிக்கும் போட்டார்கள், 1999-இல் முதல் இரண்டு கட்சிகளுக்கும் சேர்த்தே 120-இல் 45 இடம்தான், பிரதமரின் கூட்டணி இன்னும் ஆட்டம் கண்டது. விட்டுவிட்டு பழைய முறைக்கே திரும்பினார்கள்.

அதனால் இங்கே பிரதமருக்குத் தனி ஓட்டு என்று கிளம்புவதைவிட, 2022-இல் பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கு மேல் வாக்காளர்களும் இகானில் 28 ஆயிரத்துச் சொச்சமும் இருந்தார்களே, அந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வதைக் கேட்பேன். தீபகற்பத்தின் தொகுதி எல்லைகளைக் கடைசியாக 2018-இல் திருத்தினார்கள், அடுத்த திருத்தத்துக்குக் குறைந்தது எட்டு வருஷ இடைவெளி வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டம். வரைவு வெளியானதும் ஒரு மாதத்துக்குள் ஒரு தொகுதியின் வாக்காளர்கள் 100 பேர் சேர்ந்து ஆட்சேபம் கொடுக்கலாம், கொடுத்தால் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அதைவிட அதிகமான பேர் கையெழுத்துப் போடக் கிடைப்பார்கள்.