சாராபாய் வீடா, ஷோதன் வீடா?

கட்டடக் கலைஞர் லே கார்பூசியே 1950-களில் அகமதாபாத்தில் கட்டிய இரண்டு வீடுகளின் படங்களையும் அருகருகே காட்டினால் முக்கால்வாசிப் பேர் ஷோதன் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். குடும்பத்தோடு குடியிருக்க எது என்று கேட்டால் நான் சாராபாய் வீட்டைத்தான் சொல்வேன்.

ஷோதன் வீடு முதலில் ஷோதனுக்காக வரையப்பட்டதே இல்லை. மில் முதலாளிகள் சங்கத்தில் இருந்த சுரோத்தம் ஹதீசிங் தனக்காக வரையச் சொல்லி, பிறகு அந்த வரைபடத்தை ஷியாமுபாய் ஷோதனுக்கு விற்றுவிட்டார். ஷோதன் அதை வேறொரு மனையில் கட்டிக்கொண்டார், 1956-ல் முடிந்தது. ஹதீசிங் அப்போது பிரம்மச்சாரி. வீட்டைப் பார்த்தாலே அது தெரிகிறது: மேலே ஏறச் சாய்தளம், மாடி மறைக்காத உயரமான கூடம், ஒன்றையொன்று எட்டிப்பார்க்கும் தளங்கள். விருந்து வைக்க அருமை. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுக் கீழே நாலு பேர் பேச முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சாராபாய் வீடு அப்படியில்லை. கணவரை இழந்த மனோரமா சாராபாய், மகன்களோடு வாழக் கேட்டு வாங்கிய வீடு. செங்கல் சுவர்கள், அவற்றின் மேல் கான்கிரீட் உத்தரம், அதன் மேல் ஓடு பதித்த வளைவுக் கூரைகள் வரிசையாக. தரையில் கறுப்பு மெட்ராஸ் கல். அந்த ஊர்க் காற்று அடிக்கும் திசையைப் பார்த்து வளைவுகளை வைத்திருப்பதால் ஒரு முனையில் நுழைகிற காற்று மறுமுனைக்குப் போய்விடும். மாடியிலிருந்து நேராக நீச்சல் குளத்தில் போய் விழ ஒரு கான்கிரீட் சறுக்கு வேறு! வீட்டில் பையன்கள் இருப்பதை யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

வெயிலைச் சமாளிப்பதில்தான் உண்மையான போட்டி. சாராபாய் வீட்டின் கூரை மேல் மண் கொட்டிப் புல் வளர்த்தார்கள்; வெயில் மண்ணைத் தாண்டி உள்ளே வர நேரமாகும். ஷோதனில், தூண்கள் தாங்கும் தனிக் குடைக்கூரை ஒன்று வீட்டுக்கு மேலே நிற்கிறது, சூட்டை அது வாங்கிக்கொள்ள, இடைவெளியில் காற்று ஓடுகிறது. ஆனால் முகப்பில் நிழலுக்காக வைத்த கனமான கான்கிரீட் தடுப்புகள் பகலெல்லாம் காய்ந்து, ராத்திரியில் அந்தச் சூட்டைத் திருப்பிவிடும், கான்கிரீட்டின் குணம் அது.

அப்புறம் பராமரிப்பு. பூசாத கான்கிரீட்டில், அதை வார்க்க அடைத்த சென்ட்ரிங் பலகையின் ரேகை வரை தெரிவது அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் உள்ளே இருக்கும் கம்பிக்கு மேல் போதுமான கவர், அதாவது அதை மூடும் கான்கிரீட்டின் கனம், இல்லாவிட்டால் மழை ஈரமும் காற்றும் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து, உப்பி, மேல்பரப்பைப் பெயர்த்துவிடும். ஷோதன் மாதிரி வீட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் அதிகம், அதனால் கவலையும் அதிகம். சாராபாய் பாணியில் கவலை வேறு: மண்ணுக்கு அடியில் நீர்க்கசிவு வந்தால் எங்கே என்று கண்டுபிடிக்கவே புல்லை எல்லாம் தோண்ட வேண்டும்.

ஆகவே குடியிருக்க சாராபாய். இன்று புதிதாகக் கட்டுகிறவர் எதையாவது காப்பியடிக்க நினைத்தால் ஷோதனின் குடைக்கூரையை எடுத்துக்கொள்ளலாம், அந்தச் சாய்தளத்தை மட்டும் விட்டுவிடுங்கள், இடத்தை விழுங்கும்.