டெல்லிக்கு மனு போடலாமா? தேசிய மனித உரிமை ஆணையத்தின் புகார்ச் சேவை

கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இந்த ஆணையத்தில் நுழைவது சுலபம்தான். ஆனால் மனு எழுதும் விதத்திலேயே பாதி வழக்கு விழுந்துவிடும்.

திங்கட்கிழமை கலெக்டருக்குக் கொடுத்த மனுவின் அடியில் 'நகல்: மனித உரிமை ஆணையம்' என்று போட்டு அனுப்புவது டெல்டாவில் பழக்கம். நகலை எடுக்க மாட்டார்கள். ஆணையத்தின் பெயருக்கே தனி மனு வேண்டும். பட்டா, வரப்புத் தகராறு, கோர்ட்டில் நடக்கும் வழக்கு, ஓராண்டு தாண்டிய சம்பவம், சென்னையில் மாநில ஆணையத்தின் முன் உள்ள புகார் எல்லாமே தள்ளுபடிதான்.

அரசு ஊழியர் செய்த மீறல், அல்லது அவர் தடுக்காமல் விட்ட அலட்சியம். ஆணையம் தேடுவது இதைத்தான். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுபவரிடம் முன்பணத்துக்காக ஒரு பையன் கொத்தடிமையாக மாட்டியிருக்கிறான் என்று வையுங்கள். 'கிடைக்காரர் அடிக்கிறார்' என்பதோடு நிறுத்தினால் மனு வலுவிழக்கும். பையனின் வயது, எந்த ஊர் வயல், எவ்வளவு முன்பணம் என்பதோடு, 'இன்ன தேதியில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுத்தோம், இன்னும் மீட்கவில்லை' என்று எழுதி ரசீதையும் சேர்த்தால்தான் ஆணையத்துக்குப் பிடி கிடைக்கும். மீட்டபின் கொத்தடிமை விடுவிப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மறுவாழ்வுத் தொகைக்கு அதுதான் ஆதாரம்.

இணையத்திலோ பொதுச் சேவை மையத்திலோ பதியலாம். முதலில் மனு வந்து சேர்ந்ததற்கான டைரி எண், பிறகு வழக்கு எண் வரும். வழக்கு எண்ணின் நடுவில் வரும் 22 தமிழ்நாட்டுக் குறியீடு. அடுத்து கலெக்டருக்கோ எஸ்.பி.க்கோ நோட்டீஸ் போகும். பெரிய ஓட்டை இங்கேதான்: புகாருக்கு ஆளானவரின் மேலதிகாரியே அறிக்கை எழுதுகிறார். அதன் நகல் உங்கள் கருத்துக்கு வந்தால், சொன்ன கெடுவுக்குள் வரிக்கு வரி மறுப்பு எழுதுங்கள். பதில் போகாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள்.

தேசிய ஆணையத்துக்குச் சிவில் கோர்ட்டைப் போல சம்மன் அனுப்பும் அதிகாரம் உண்டு, சொந்தப் புலனாய்வுப் பிரிவும் உண்டு. கடைசியில் தருவதோ பரிந்துரைதான். மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லிவிட்டது. ஆகவே உள்ளூர் ஸ்டேஷனில் அடி வாங்கியவருக்குச் சென்னையே மேல்.

காவல் மரணம் என்றால் டெல்லியை விடக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் தகவல், பிறகு பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வீடியோவும் அங்கே போயாக வேண்டும். அந்தத் தகவலில் இருப்பது காவல்துறையின் தரப்பு மட்டுமே என்பதால், குடும்பத்தார் தனியாகவும் ஒரு மனு போடுவது அவசியம்.